ஆப்பிரிக்காவில் உள்நாட்டுப் போர்கள் ஏன் ஓய மாட்டேன் என்கின்றன?

கேள்வி:
சூடான், காங்கோ என்று எந்தச் செய்தி வந்தாலும் "இனச் சண்டை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பல இனங்கள் சேர்ந்து வாழும் நாடுகள் எத்தனையோ இருக்கின்றனவே, அங்கே மட்டும் ஏன் இப்படி?

பதில் 1:
இனம் பெரும்பாலும் ஒரு சாக்குதான். ருவாண்டாவில் ஹூட்டு, டுட்சி என்ற இரு இனத்தாருக்கும் மொழி ஒன்று. 1930களில் பெல்ஜிய ஆட்சி ஒவ்வொருவரின் அடையாள அட்டையிலும் இனத்தைக் குறித்துக் கொடுத்தது, சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த வழக்கம் போகவில்லை, 1994இல் ஹூட்டு தீவிரவாதிகள் டுட்சிகளைக் கொன்று குவித்தபோது சாலைத் தடுப்பில் கத்தியோடு நின்றவர்கள் அந்த அட்டையை வாங்கிப் பார்த்துத்தான் யாரை விடுவது, யாரை வெட்டுவது என்று முடிவு செய்தார்கள். சுமார் 100 நாளில் லட்சக்கணக்கான உயிர்கள். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

பதில் 2:
சரி, ஆனால் காலனி ஆட்சியோடு நிறுத்திவிடாதீர்கள். சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த போருக்குத் தீனி போட்டது வைரம். ஆற்று மணலைச் சலித்தே எடுத்துவிடலாம், பெரிய இயந்திரம் வேண்டாம், அதனால் துப்பாக்கி வைத்திருந்தவன் கைக்கு அது போனது. வைரம் பக்கத்து நாடான லைபீரியா வழியாக வெளியே போக, ஆயுதம் உள்ளே வந்தது. 1996இல் மக்கள் ஓட்டுப் போடக் கூடாது என்று கிளர்ச்சிக்காரர்கள் கைகளையே வெட்டினார்கள்.

பதில் 3:
சூடானில் மூண்டதும் அதிகாரச் சண்டைதான்: 2021இல் சேர்ந்து ஆட்சியைப் பிடித்த இரண்டு தளபதிகள்தான் 2023 ஏப்ரலில் மோதிக்கொண்டார்கள். அப்புறம், சாவு குண்டால் மட்டும் வருவதில்லை. 1998இல் தொடங்கிய காங்கோ போரில் பெரும்பாலோர் இறந்தது மலேரியா, வயிற்றுப்போக்கு, பட்டினியால். அதிலும் குழந்தைகளே அதிகம்.