சர்ஃபிங்: கட்பேக் (ஓடும் திசையை மாற்றி, அலை உடையும் பக்கம் திரும்புவது) பாதியிலேயே நின்றுவிடுகிறது, நுரை வரை திரும்புவது எப்படி?

இலங்கையின் அறுகம்பே மெயின் பாயின்ட் மாதிரி வலப்பக்கம் ஓடும் அலைகளில் சறுக்குபவர்களிடம் ஓர் உதவி. இடது கால் முன்னால், போர்டு 6 அடி 8 அங்குலம், மூன்று ஃபின் (போர்டின் அடியில் உள்ள துடுப்புகள்). எழுந்து நிற்பதிலும் குறுக்கே ஓடுவதிலும் சிக்கலில்லை. நுரையை விட்டு ரொம்ப விலகிப் போவதுதான் பிரச்சினை. அலையின் விசையெல்லாம் உடையும் இடத்தை ஒட்டிய செங்குத்தில்தான். தள்ளிப்போனால் சரிவு தட்டையாகி வேகம் செத்துவிடும்.

தட்டையில் போய்க் கட்பேக் தொடங்கினால், குதிகால் பக்க ரெயில் (போர்டின் பக்க விளிம்பு) தண்ணீரில் கவ்விப் போர்டு நின்றுவிடுகிறது. ஆகவே வேகம் மீதி இருக்கும்போதே தொடங்க வேண்டும்: பின்கால் ஃபின்களுக்கு மேல், பார்வை போர்டு மூக்கில் இல்லாமல் நுரையில், முன்கையும் அங்கேயே. இதுவரை சரிதானே?

அடுத்த கட்டம்தான் பிடிபடவில்லை. நுரைச் சுவரில் எந்த உயரத்தில் மோத வேண்டும்? அடியில் மோதினால் மூக்கு புதைகிறது. உச்சிக்குப் போனால் அலை நம்மை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. எடையைக் குதிகாலிலிருந்து விரல்களுக்கு மாற்றுவது மோதும் முன்பா, நுரை தள்ளும் கணத்திலா? முழங்கால் எப்போது மடங்க வேண்டும்?

இடுப்பளவு அலைக்குச் சொன்னால் போதும். சர்ஃப்ஸ்கேட் (சர்ஃபிங் போலத் திருப்பிப் பழகும் சக்கரப் பலகை) பயிற்சி சொல்பவர்கள், அதில் நுரையின் தள்ளல் கிடையாது என்பதையும் கணக்கில் எடுங்கள். ‘சின்ன போர்டு வாங்கு’ மட்டும் வேண்டாம் (எதைக் கேட்டாலும் வரும் பதில் அது). காணொளி இருந்தால், கரையிலிருந்து எடுத்ததாகப் போடுங்கள்; கால் வைப்பு தெரிய வேண்டும்.