தலைகீழ்க் கூற்றுகளை வைப்பதா, நீக்குவதா?

வணக்கம். உளவியலாளர்கள் கிளிக், ஃபிஸ்க் இருவரும் 1996-இல் வெளியிட்ட பால்பாகுபாட்டு அளவுகோலைத் தமிழில் பயன்படுத்தியவர்கள் யாராவது உதவ முடியுமா?

மொத்தம் 22 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். 11 வெளிப்படையான பகைமையை அளக்கும். மற்ற 11 'பெண்ணைப் பொத்திக் காக்க வேண்டும்' என்கிற இனிப்பு தடவிய பாகுபாட்டை.

சிக்கல் 3, 6, 7, 13, 18, 21 ஆகிய தலைகீழ்க் கூற்றுகளில், அதாவது உடன்பட்டால் பாகுபாடு குறைவு என்று பொருள்படுபவற்றில். மதிப்பெண்ணை 5-இலிருந்து கழித்துத் திருப்பிய பிறகும் இவை மற்றவற்றோடு ஒட்டவில்லை. இரண்டாம் பகுதியின் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) சரிகிறது. 3, 7 போன்றவற்றில் கூற்றே எதிர்மறை. அதற்கு 'உடன்படவில்லை' என்று குறிக்கும்போது ஆட்கள் குழம்புகிறார்கள் என்பது என் ஊகம்.

2000-இல் வந்த 19 நாட்டு ஆய்வில் இந்த ஆறையும் விட்டுவிட்டு 16-ஐ வைத்தே கணக்கிட்டார்கள். அப்படிச் செய்தால், எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடுபவர்களைப் பிடிக்க வழியில்லை.

ஆறையும் நேர்க்கூற்றாக மாற்றி எழுதிப் பார்த்தவர்கள் உண்டா? காரணிப் பகுப்பாய்வில் (எந்தக் கூற்றுகள் ஒரே குழுவாகச் சேர்கின்றன என்று பார்க்கும் கணக்கில்) என்ன வந்தது? கல்லூரி மாணவர் அல்லாதவர்களிடம் எடுத்த தரவு என்றால் இன்னும் நல்லது.

இரண்டு பகுதிகளையும் கூட்டி ஒரே சராசரி எடுக்கச் சொல்லாதீர்கள். ஒன்றில் உயர்ந்தும் மற்றதில் தாழ்ந்தும் இருப்பவர் அதில் காணாமல் போய்விடுவார்.