சண்டிகர் நாற்காலி: விற்றது குற்றமா, விட்டது குற்றமா?

பழையமரம்:
சண்டிகரில் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து எழுந்த தேக்கு நாற்காலிகள் இன்று பாரிஸ், நியூயார்க் ஏலங்களில் பல லட்சத்துக்குப் போகின்றன. 1950களில் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே அந்த நகரத்தைக் கட்டியபோது, அவருடைய உறவுச் சகோதரர் பியர் ழான்னரே தலைமையில் செய்தவை. அலுவலகம், நூலகம், கல்லூரி, நீதிமன்றம் என்று ஆயிரக்கணக்கில் போட்டார்கள். பிறகு உதவாது என்று கழித்து அடிமாட்டு விலைக்கு ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள். என்னைக் கேட்டால் இது கொள்ளைதான்.

கட்டடக்காரி:
கொள்ளை என்ற வார்த்தையை ஏற்க மாட்டேன் சார். அரசே ஏலம் போட்டது, அவர்கள் பணம் கட்டி எடுத்தார்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி இப்படி ஒரு பொருள் தொல்பொருள் ஆக 100 வயதாவது ஆகியிருக்க வேண்டும். இந்த நாற்காலிக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. கால் உடைந்து மொட்டை மாடியில் மழையில் குவிந்து கிடந்த படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்கள் எடுக்காவிட்டால் அடுப்புக்குத்தான் போயிருக்கும்.

பழையமரம்:
பார்த்தேன், வயிறு எரிந்தது. ஏலப் படங்களையும் பாருங்கள். சில நாற்காலிகளில் எந்தத் துறை, எத்தனையாவது உருப்படி என்று பெயின்டால் எழுதியிருக்கும். இருப்புக் கணக்குக்காக நம் ஊழியர் எழுதிய எழுத்து. இன்று அதுவே அசல் என்பதற்குச் சான்றாகி விலையை ஏற்றுகிறது. அந்த விலையில் சண்டிகருக்கு ஒரு காசு வந்ததா?

பிரம்புக்கடை:
இருபத்தாறு வருசமா பிரம்பு பின்னுறேன், நானும் சொல்றேன். அந்த நாற்காலியோட அழகு எங்க இருக்கு தெரியுமா? பக்கத்துல நின்னு பாருங்க. காலு ரெண்டும் காம்பஸை விரிச்சு வச்ச மாதிரி, மேல சேர்ந்து கீழ அகண்டு நிக்கும். கட்டை நல்ல தடிமன். வளைக்கிற வேலை அதிகம் கிடையாது, சாதாரணப் பட்டறை ஆசாரியே செஞ்சிடலாம். பல பட்டறையில செஞ்சதால ஒண்ணுக்கு ஒண்ணு அளவு கொஞ்சம் மாறும். சீட்டும் முதுகும் பிரம்பு, காத்து உள்ள போய் வரும். வெக்கைக்குன்னே யோசிச்சது.

ஆனா பிரம்புக்கு ஆயுசு கொஞ்சம். தண்ணியில ஊறவச்சு, பளபளப்பு மேல வர்ற மாதிரி இழுத்துப் பின்னுவோம், காய்ஞ்சதும் தானா விறைக்கும். ஏசி ரூம்ல இன்னும் காய்ஞ்சு வெடிச்சிடும். சில வருசத்துக்கு ஒரு தடவை மறுபடி பின்னணும். இங்க ஒரு அலுவலகத்துல இப்படித்தான் நாற்காலிகளுக்கு விலை கேட்டாங்க. கடைசியில புதுசு வாங்கப் பணம் இருக்கு, ரிப்பேருக்குப் பணம் ஒதுக்கலைன்னுட்டாங்க. மரம் கல்லு மாதிரி இருந்துச்சு. சீட்டு கிழிஞ்சதுக்காக மொத்த நாற்காலியையும் கழிச்சுக் கட்டிட்டாங்க. விக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே நாம அதை விட்டாச்சு தம்பி.

கட்டடக்காரி:
அண்ணா, நான் சொல்ல வந்ததே இதுதான். 2011-ல் உள்துறை அமைச்சகம் இந்தப் பொருட்களை விற்கவோ வெளியே அனுப்பவோ கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவு சீட்டைப் பின்னிக் கொடுக்காதே! இன்னொரு வருத்தமும் உண்டு. ஏலப் பட்டியலில் பெரிதாக நிற்பது ழான்னரே பெயர் மட்டும். சண்டிகரைக் கட்டிய குழுவில் இருந்து அறைகலன் வடிவமைத்த ஊர்மிளா யூலி சௌத்ரி பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்? செதுக்கிய ஆசாரிகளின் பெயர் எங்குமே இல்லை.

பழையமரம்:
சௌத்ரி விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஆனால் ழான்னரேயை வெறும் ஏலப் பெயராகப் பார்க்க என்னால் முடியாது. லெ கார்பூசியே வந்து வந்து போனார். இவர் 1965 வரை அங்கேயே இருந்தார். சாம்பலைக்கூட அந்த ஊர் சுக்னா ஏரியில்தான் கரைத்தார்கள். ஊரோடு அப்படி ஒட்டிய மனிதர் செய்வித்த நாற்காலி, யாரும் உட்காராமல் ஒரு பணக்காரர் வரவேற்பறையில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறது. 2016-ல் தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் எல்லாம் இருக்கும் கேபிடல் வளாகத்துக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்தது. கட்டடத்துக்குள் இருந்த நாற்காலி வெளியே போனதை எப்படிச் சரி என்பது?

கட்டடக்காரி:
சரி என்று சொல்லவில்லை சார். திருட்டு என்று அவர்கள் மேல் போட்டுவிட்டு நாம் தப்பிக்கக் கூடாது என்கிறேன். மிச்சம் இருப்பவை இன்னும் அங்கே அலுவலகங்களில் இருக்கின்றன. அவற்றைப் பின்ன ஆள் வைக்கட்டும், முதலில் அதைக் கேட்போம்.

பழையமரம்:
அதில் எனக்கு மறுப்பில்லை. வாங்கியவர்களை மன்னிக்க மட்டும் மனசு வரவில்லை. அண்ணா, ஒரு நாற்காலி முழுக்கப் பின்ன எத்தனை நாள் ஆகும்?

பிரம்புக்கடை:
கை பழகினவங்களுக்கு சீட்டும் முதுகும் சேர்த்து மூணு நாள் தம்பி.