லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கலாமா? (மறுபடியும்)

சைபர் சுப்பு:
பெரியப்பா வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பியிருக்கிறார். "ஆதார் நகலை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். நகல் கொடுக்காதீர்கள் என்ற 2022 எச்சரிக்கையை அரசே வாபஸ் வாங்கிவிட்டது." போன வாரம் இங்கே குமாஸ்தா66 எழுதியதும் இதேதான், வரி மாறாமல். போன மாதம் நான் தங்கிய லாட்ஜில் ஆதார் நகல்களின் பின்பக்கத்தில் டீ கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். முகவரி, பிறந்த தேதி, 12 இலக்க எண், எல்லாம் வடைக்கு எண்ணெய் ஒற்றக் கிடக்கிறது. மாஸ்க்டு ஆதார் என்று ஒன்று இருக்கிறது ஐயா. முதல் 8 இலக்கம் மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும். காசு கிடையாது.

குமாஸ்தா66:
என் பெயரை இழுத்ததால் வருகிறேன். 27.5.2022 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிக்கை விட்டது. 29.5.2022 அன்று வாபஸ். இரண்டே நாள். முப்பத்து நான்கு வருடம் கோப்பு பார்த்தவன் நான். வாபஸ் ஆன சுற்றறிக்கையை மேற்கோள் காட்டி எந்தக் குறிப்பும் எழுத முடியாது.

சைபர் சுப்பு:
ஏன் வாபஸ் என்பதையும் படியுங்கள். தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு என்பதால்தான் வாபஸ். நகல் கொடுப்பது பாதுகாப்பானது என்று ஒரு வரி கிடையாது. எண்ணைப் பகிரும்போது வழக்கமான முன்யோசனையோடு இருங்கள் என்றுதான் இருந்தது. மாஸ்க்டு ஆதார் இன்றைக்கும் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கிறது.

குமாஸ்தா66:
ஆக, வாபஸ் என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி.

ஜெராக்ஸ் அண்ணாச்சி:
அந்த அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. பிரவுசிங் சென்டரில் ஆதார் இறக்காதீர்கள், இறக்கினால் அழித்துவிட்டு வாருங்கள் என்று. 19 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இறக்கிய கோப்பை அழிக்காமல் எழுந்து போகிறவர் யார்? வாடிக்கையாளர். அழிக்கிறவர் யார்? நான். ஆனால் திருடன் பட்டம் எனக்கு.

சைபர் சுப்பு:
உங்களை யாரும் சொல்லவில்லை அண்ணாச்சி.

ஜெராக்ஸ் அண்ணாச்சி:
"யாரும் சொல்லவில்லை" என்று சொல்வதே சொல்வதுதான் தம்பி.

கறுப்புக் கோட்டு:
முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோமா? நான் இன்னார் என்று சீட்டு காட்டுவது வேறு. ஆணையத்தின் கணினியைக் கேட்டு விரல்ரேகையாலோ ஓடிபியாலோ உறுதி செய்வது வேறு. 26.9.2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் கை வைத்தது இந்த இரண்டாவது வகையைத் தனியார் கேட்பது பற்றி. லாட்ஜ் விவகாரம்...

குமாஸ்தா66:
வகுப்புக்கு நன்றி வக்கீல் சார். வாபஸா, இல்லையா? ஒரே சொல்லில்.

கறுப்புக் கோட்டு:
வாபஸ்தான். ஆனால்...

குமாஸ்தா66:
"ஆனால்" கோப்பில் ஏறாது.

மாயவரத்துக்காரி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 78 வயது, ஓய்வூதியம் வாங்குகிறார். அவருடைய விரல்ரேகையைப் பூட்டி வைக்கலாம் என்கிறார்களே, எப்படி?

சைபர் சுப்பு:
அவசியம் பூட்டுங்கள். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல்ரேகை மூன்றும் இருந்தால் வங்கி முகவர் வைத்திருக்கும் மைக்ரோ ஏடிஎம் கருவியில் பணம் எடுத்துவிடலாம், ஓடிபி கேட்காது. நிலப் பத்திரங்களில் வைத்த ரேகையைப் படம் பிடித்து ரப்பர் விரல் செய்து எடுத்த வழக்குகள் ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் உண்டு. எண்ணை லாட்ஜ் தருகிறது, ரேகையைப் பத்திரம் தருகிறது. மீதியை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள் குமாஸ்தா சார்.

குமாஸ்தா66:
நான் ஏன் கூட்ட வேண்டும்? 2018-இல் டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவராக இருந்தவர் தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் தீங்கு செய்து பாருங்கள் என்றார். என்ன ஆனது? யாரோ அவர் கணக்கில் ஒரு ரூபாய் போட்டார்கள். எடுக்கவில்லை, போட்டார்கள்!

சைபர் சுப்பு:
அவருடைய கைபேசி எண், பான், முகவரி எல்லாவற்றையும் சில மணி நேரத்தில் துருவி எடுத்துப் போட்டதை விட்டுவிட்டீர்களே. அடுத்த சில நாளிலேயே ஆதார் ஆணையம், யாரும் எண்ணை இப்படிப் பொதுவெளியில் போடாதீர்கள் என்று அறிவித்தது.

குமாஸ்தா66:
அந்த அறிவிப்பு வாபஸ் ஆகவில்லை. செல்லும். இது வாபஸ். செல்லாது. நூல் பிடித்தாற்போல் இருக்கிறது, இதில் உங்களுக்கு என்ன குழப்பம்?

ஜெராக்ஸ் அண்ணாச்சி:
மாஸ்க்டு ஆதார் என்கிறீர்களே, இறக்கிய அந்தக் கோப்பைத் திறக்கவே தினமும் என் கடையில் பத்து பேர் தவிக்கிறார்கள். கடவுச்சொல் என்ன? பெயரின் முதல் நான்கு எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருடம். இரண்டும் அட்டை மேலேயே அச்சாகியிருக்கிறது. பூட்டின் மேலேயே சாவியை ஆணியடித்த கதை. அதிலும் நம் ஊர்க்காரருக்கு இனிஷியல் வேறு. பி. குமார் என்றால் பி, கே, யு, எம் என்று அடித்துவிட்டுத் திறக்கவில்லை என்று என்னிடம் கோபித்துக்கொள்கிறார்கள்.

சைபர் சுப்பு:
புள்ளியும் ஓர் எழுத்துக் கணக்குதான். பி, புள்ளி, கே, யு.

குமாஸ்தா66:
புள்ளி எழுத்து ஆகாது. பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அறிவார்கள்.

கறுப்புக் கோட்டு:
ஆணையமே தந்திருக்கும் உதாரணம் அது, சார்.

குமாஸ்தா66:
அந்த உதாரணமும் ஒருநாள் வாபஸ் ஆகும். இருங்கள். போன வருடம் இன்வெர்ட்டர் பேட்டரி விஷயத்திலும் இதே சுப்பு இதே துணிச்சலோடுதான் பேசினார். என் பேட்டரி எட்டாம் மாதம் படுத்தது. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

சைபர் சுப்பு:
தண்ணீர் ஊற்றச் சொன்னேன். குழாய்த் தண்ணீரை ஊற்றினீர்கள்.

குமாஸ்தா66:
"டிஸ்டில்டு" என்ற சொல் உங்கள் பதிவில் இல்லை. பிறகு திருத்திச் சேர்த்தீர்கள். என்னிடம் பழைய நகல் இருக்கிறது, ஜெராக்ஸ்.

கறுப்புக் கோட்டு:
லாட்ஜுக்கே திரும்பலாமா? ஆதாரில் இருக்கும் க்யூஆர் குறியில் ஆணையத்தின் மின் கையொப்பம் உண்டு, முழு எண் கிடையாது. அதை ஸ்கேன் செய்தால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். ஜெராக்ஸ் எதையும் நிரூபிப்பதில்லை, ஃபோட்டோஷாப் தெரிந்த யாரும் செய்துவிடலாம். அப்படியிருக்க லாட்ஜ்காரர் ஏன் நகலே கேட்கிறார்?

ஜெராக்ஸ் அண்ணாச்சி:
எங்கள் பிழைப்பைக் கெடுக்க நீங்களும் கிளம்பிவிட்டீர்களா வக்கீல் சார்?

மாயவரத்துக்காரி:
ஐயா, பூட்டினால் அப்பாவின் வாழ்நாள் சான்றிதழுக்கு ரேகை எடுக்குமா? யாராவது சொல்லுங்களேன்.

ஜெராக்ஸ் அண்ணாச்சி:
எடுக்காதும்மா. 330 என்று பிழை எண் வரும். போவதற்கு முன்னால் ஆணையத்தின் செயலியில் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் பூட்டுங்கள். ரேஷன் கடையில் கை வைக்கப் போனாலும் இதேதான். ஆதாரில் அப்பாவின் கைபேசி எண் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

மாயவரத்துக்காரி:
எண் இருக்கிறது. நன்றி அண்ணாச்சி. அப்பா பெயரில் இனிஷியல் பின்னால் இருக்கிறதே, புள்ளி எங்கே வரும்?

சைபர் சுப்பு:
பெயரே நான்கு எழுத்தைத் தாண்டினால் புள்ளி கணக்கில் வராது.

குமாஸ்தா66:
புள்ளி முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் எழுத்து ஆகாது. சுப்பு, நான் கேட்டது இன்னும் நிலுவையில் இருக்கிறது. 29.5.2022. வாபஸா, இல்லையா?