ராத்திரி ஆடு களவு போகுது, ஊர்ல காவல் போடலாம்னு இருக்கோம், எப்படிப் பண்றது?

கரிசக்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு திருமங்கலத்துல இருந்து டி.கல்லுப்பட்டி போற பக்கம், மெயின் ரோட்ட விட்டு உள்ளடங்குன கிராமம். பருத்தி, மக்காச்சோளம் போடுவோம், மழை ஏமாத்திருச்சுன்னா ஆடுதான் கைக்காசு. கொஞ்ச மாசமாவே களவு அதிகமா இருக்கு. மொதல்ல கிணத்து மோட்டார் வயர அறுத்துட்டுப் போனாய்ங்க, காப்பருக்காக. அப்புறம் ஆட்டுல கைய வச்சாய்ங்க. எங்க தெருவுல தனியா இருக்க ஒரு பாட்டி கோயில் கொடைக்குன்னு நேர்ந்து விட்ட கிடாயும் ரெண்டு வெள்ளாடும் ஒரே ராத்திரியில போச்சு, காலையில போய்ப் பாத்தா கொட்டத்துல முளைக்குச்சியில அறுத்த கயிறு மட்டும் கெடக்கு, கண்மாய்க் கரையில கார் டயர் தடம், அம்புட்டுதான். பாட்டி ரெண்டு நாளா ஒரு வாய் சோறு திங்கல.

ஸ்டேஷனுக்குப் போனா பாக்குறோம் பாக்குறோம்ங்குறாங்க, எழுதி வாங்கல. இப்ப பசங்க எல்லாம் சேந்து ராத்திரி கம்போட சுத்தலாம்னு நிக்கிறாய்ங்க, பெரியாளுக கேமரா போடலாம்ங்குறாங்க. இதுக்கு நடுவுல போன வாரம் பைக்ல போர்வை விக்க வந்த ஒரு வடநாட்டுப் பையன மறிச்சு, நீதான் நோட்டம் பாக்க வந்தியான்னு சட்டையப் பிடிச்சு அடிக்கவே போயிட்டாய்ங்க, டீக்கடைக்காரம்மா குறுக்க விழுந்து தடுத்துச்சு. அதப் பாத்ததுல இருந்து எனக்குப் பயமா இருக்கு, களவும் நிக்கணும், தப்பும் நடந்துறக் கூடாது. உங்க ஊர்ல யாராச்சும் இப்படிக் காவல் போட்டு சரியா நடந்துச்சா? போலீஸுக்கு ஊர்ப் பசங்க துணையா நிக்கிற ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்னு ஒன்னு இருந்துச்சே, அதுல சேரலாமா?

மேலூர்_பங்காளி:

எங்க ஊர்ல போட்டோம் தம்பி, இன்னைக்கும் நடக்குது. சேர்ந்த புதுசுல எல்லாப் பயலும் வருவான், பெரியாறு கால்வாயில தண்ணி விட்டு நடவு வேலை ஆரம்பிச்சதும் ஒருத்தனும் வர மாட்டான், பகல்ல வயல்ல கெடந்தவன் ராத்திரி எப்படி முழிப்பான். அதனால வீட்டுக்கு ஒரு ஆள்னு முறை வச்சோம், வர முடியாத வீடு காசு குடுக்கணும், அந்தக் காச முறை பாக்குறவங்களுக்கு டீ, பேட்டரி லைட்டுன்னு செலவழிக்கிறோம். ராத்திரி 12ல இருந்து 4 வரைக்கும்தான், மத்த நேரம் ஆள் நடமாட்டம் இருக்கும். மந்தையில ரெண்டு பேரு, கண்மாய்ப் பக்கம் ரெண்டு பேரு. அந்த நாலு மணி நேரம் முழுக்க லைட் எரியணும், அதுதான் பாதி காவல். பீஸ் போன தெருவிளக்க எல்லாம் பஞ்சாயத்து கிளார்க்க விடாமப் புடிச்சு மாட்ட வச்சோம்.

ஒன்னே ஒன்னு கண்டிப்பா சொல்லிருங்க பசங்கட்ட. வண்டியப் பாத்தா நம்பர எழுது, போன் பண்ணு, விசில் ஊது, மைக் செட்ல சத்தம் குடு, விரட்டிக்கிட்டு மட்டும் போகாத. 2021 நவம்பர்ல திருச்சி நாவல்பட்டு ஸ்டேஷன் சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன் ஆடு திருடுனவங்கள தனியா பைக்ல விரட்டிப் போயி கீரனூர் பக்கம் மடக்கிப் பிடிச்சாரு, அங்கயே வெட்டிக் கொன்னுட்டாங்க. யூனிஃபார்ம் போட்டவருக்கே அந்தக் கதி, இருவது வயசுப் பய கம்ப வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? ஆடு போனா இன்னொரு ஆடு வாங்கிறலாம்யா.

ரிட்டயர்டு_ஏட்டு:

தம்பி, நான் மதுரை மாவட்டத்துல பல ஸ்டேஷன்ல வேலை பாத்து ஓய்வு பெற்றவன். உங்க கேள்விய கடைசியில இருந்து ஆரம்பிக்கிறேன். ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் 1993ல ராமநாதபுரத்துல எஸ்.பி.யா இருந்த பிரதீப் பிலிப் ஆரம்பிச்சது, அப்புறம் தமிழ்நாடு முழுக்க வந்துச்சு. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல அப்பாவும் மகனும் போலீஸ் காவல்ல செத்த சம்பவம் நடந்ததும் அடுத்த மாசமே அரசாங்கம் அதுக்குத் தடை போட்டுருச்சு, அந்தப் பேர்ல யாராச்சும் கார்டு தர்றேன்னு வந்தா சேராதீங்க. போலீஸோட சேந்து ராத்திரி வேலை பாக்க ஆசை இருக்க பசங்க ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுக்குறப்ப மனு போடட்டும், அது முறையான பயிற்சியோட இருக்குறது.

இப்ப முக்கியமான சமாச்சாரம். எங்கெங்க களவு பதிவாகியிருக்கோ அதப் பாத்துதான் ரோந்து போடுவாங்க. நீங்க வாயால சொல்லிட்டு வந்தா அந்த ஸ்டேஷன் கணக்குல உங்க ஊர்ல களவே நடக்கலன்னுதான் இருக்கும், அப்புறம் எப்படி ராத்திரி ஜீப் வரும்? கிராமத்துல ஆடு போனா, கோழி போனா, ரெண்டு ஆயிரம் வயர் போனா எவனும் எழுதிக் குடுக்குறதில்ல, பஸ்ஸுக்குச் செலவு பண்ணி, ஒரு நாள் கூலிய விட்டுட்டு யாரு போயி உக்காருவான்னு விட்டுர்றாங்க. களவாணிக்கு அது நல்லாவே தெரியும், அதனாலதான் அதே ஊருக்கு மறுபடி வர்றான்.

போன ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியா மனு எழுதுங்க. எழுதும்போது மதிப்பக் கண்டிப்பாப் போடுங்க. 2024 ஜூலை 1ல இருந்து புதுச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா, அதுல 5,000 ரூபாய்க்குக் கீழ உள்ள சாதாரணத் திருட்டு, கோர்ட்டு உத்தரவு இல்லாம போலீஸ் நேரா விசாரிக்க முடியாத குற்றமா மாறிருச்சு. ஒரு கிடா இன்னைக்கு என்ன விலைன்னு வெள்ளிக்கிழமை திருமங்கலம் ஆட்டுச் சந்தையில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, அதக் குறைச்சு எழுதிறாதீங்க, கூட்டியும் எழுதாதீங்க. ஆடு எங்க கட்டியிருந்துச்சுங்கறதும் முக்கியம். வெட்டவெளிக் கிடையில இருந்து போனா 303வது பிரிவு. பொருள் பாதுகாக்குற கட்டடத்துக்குள்ள இருந்து எடுத்தா 305, ஏழு வருசம் வரைக்கும் தண்டனை இருக்கு, அதுக்கு இந்த 5,000 ரூபாய்க் கணக்கு கிடையாது. பாட்டியோட ஆடு கொட்டத்துக்குள்ள இருந்து போயிருக்கு, சுவரு, கூரை, கதவு எப்படி இருந்துச்சோ அத அப்படியே எழுதுங்க. ஆட்டோட நிறம், கொம்பு, காதுல என்ன வெட்டு போட்டிருக்குன்னு எழுதுங்க, செல்லுல பழைய போட்டோ இருந்தா பிரிண்ட் எடுத்து வைங்க.

மனு குடுத்தா, மனு வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன்ல தர்ற சி.எஸ்.ஆர். ரசீது வாங்காம வராதீங்க. எஃப்.ஐ.ஆர். போட்டா காப்பி இலவசமாத் தரணும். போட மாட்டேன்னா, போலீஸ், கோர்ட்டு நடைமுறைக்கான புதுச் சட்டம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதுல 173வது பிரிவுல வழி இருக்கு, அதே மனுவ மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. பாதி வேலை அந்தத் தபால் போனதுமே நடக்கும், இது என் அனுபவம்.

அப்புறம் பட்டா நோட்டு. உங்க ஊர்ல கோயில்லயோ ரேஷன் கடையிலயோ ரோந்து போலீஸ் கையெழுத்துப் போடுற நோட்டு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா இன்ஸ்பெக்டர்ட்ட ஊர் சார்பா கேட்டு வைக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு கிராமத்துக்கும் பொறுப்புன்னு ஒரு போலீஸ்காரரப் போட்டிருப்பாங்க, கிராம விழிப்புணர்வு காவலர்னு, அவரு நம்பர வாங்கி டீக்கடையில எழுதி ஒட்டுங்க.

களவாணிய கையும் களவுமாப் பிடிச்சாலும் ஒரு அடி அடிக்கக் கூடாது. கண்ணு முன்னால பிணையில் விட முடியாத குற்றம் நடந்தா பொதுமக்களும் பிடிக்கலாம், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 40வது பிரிவு, ஆனா ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைக்கணும். கட்டி வச்சு அடிச்சு அவன் செத்துட்டா உங்க ஊர்ப் பசங்கதான் கொலை கேஸ்ல உள்ள போவாங்க. அந்தப் போர்வை வியாபாரிக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா இன்னைக்கு உங்க ஊர்ல ஆம்பளையே இருந்திருக்க மாட்டான்.

கொடிக்கால்_செல்வி:

சோழவந்தான் பக்கம் நானு. எல்லாரும் ராத்திரியப் பத்தியே பேசுறீங்க, எங்க ஊர்ல வீடு ஒடைச்சதெல்லாம் பட்டப்பகல்ல. நூறு நாள் வேலைக்குப் பொம்பளைங்க எல்லாம் ஒரே நேரத்துல கெளம்பிப் போயிருவோம், சாவி நிலைக்கு மேல இல்லன்னா மாடக்குழியில, இது ஊருக்கே தெரியும். வந்தவன் கதவ ஒடைக்கக் கூட இல்ல, தொறந்து, பீரோவத் தொறந்து, திரும்பப் பூட்டிட்டு சாவிய இருந்த இடத்துலயே வச்சுட்டுப் போயிருக்கான். அந்த அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருந்தாங்க, ராத்திரி தோட எடுக்கப் போனப்பதான் தெரிஞ்சிருக்கு.

அதுக்கப்புறம் மகளிர் குழுவுல பேசி தெருவுக்கு ஒரு வீடு சாவி வீடுன்னு வச்சோம், வேலைக்குப் போகாத வயசானவங்க இருக்க வீடு. வெளியூர்க் கல்யாணம், அழகர் ஆத்துல இறங்குறதுன்னு வீட்டப் பூட்டிட்டுப் போறவங்க அங்கயும் சொல்லணும் ஸ்டேஷன்லயும் சொல்லணும். வாட்ஸ்அப்புல பயணப் போட்டோ போடுறத ஊர் திரும்பி வந்து போடுங்கன்னு பிள்ளைகள்ட்ட கண்டிஷனா சொல்லிட்டோம். உங்க கமிட்டியில ஒரு பொம்பளையாவது இருக்காங்களா தம்பி? யாரு புதுசா தெருவுக்குள்ள வந்தா, எந்த வண்டி ரெண்டு தடவ சுத்துச்சுன்னு குழாயடியில நிக்கிறவளுக்குத்தான் மொதல்ல தெரியும்.

இன்னொன்னு, பாட்டிங்க போனுக்கு பேங்க்ல இருந்து பேசுறோம், ஓடிபி சொல்லுன்னு வர்ற காலும் களவுதான். 1930ங்கற சைபர் கிரைம் நம்பர எல்லார் செல்லுலயும் பதிஞ்சு குடுங்க, பணம் போன கையோட கூப்பிட்டாத்தான் அந்தக் கணக்க நிறுத்தி வைக்க முடியும்.

உசிலை_வாத்தியார்:

நான் சொல்றது கொஞ்சம் கசப்பா இருக்கலாம், ஆனா சொல்லாம இருக்க முடியல. ஊர்க்காவல் ஆரம்பிச்சதும் அடுத்து ஒரு லிஸ்ட் போடுவாய்ங்க, சந்தேகப்படுற ஆளுகன்னு, அந்த லிஸ்ட்ல பெரும்பாலும் காலனிக்காரங்க, பொழைக்க வந்தவங்க, நாடோடியா ஊசி பாசி விக்கிறவங்க பேருதான் இருக்கும். எங்க மண்ணுல அந்த லிஸ்ட் என்ன பண்ணுச்சுன்னு எங்க தாத்தாமாரு பட்டு வந்திருக்காங்க. தலைமுறை தலைமுறையா ஊருக்குக் காவல் பாத்த சனத்தையே வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைன்னு எழுதி, 1911 சட்டத்துல கைரேகை எடுத்து, ஆம்பளைங்கள ராத்திரி வீட்ல படுக்க விடாம ஸ்டேஷன்லயும் சாவடியிலயும் கொண்டு போயி அடைச்சான். ரேகை வைக்க மாட்டோம்னு நின்னதுக்கு 1920 ஏப்ரல் 3ல பெருங்காமநல்லூர்ல துப்பாக்கியால சுட்டான், அதுல மாயக்காள்ங்கற பொம்பளையும் செத்துப் போனாங்க. 1947லதான் அந்தச் சட்டத்த மெட்ராஸ் மாகாணத்துல எடுத்தாங்க.

அதனால ஆளுகள எழுதாதீங்க, வண்டிய எழுதுங்க, நேரத்த எழுதுங்க, நடந்தத எழுதுங்க. முறைக் காவல்ல காலனித் தெருவையும் சரிசமமா சேருங்க, அவங்க ஆடும்தான் களவு போகுது, அவங்க சொல்றதுக்குத்தான் ஸ்டேஷன்ல இன்னும் மதிப்புக் கம்மி. கேமராவ பெரிய தெருவுல மட்டும் மாட்டுனா மத்த தெருவுக்கு அது காவல் இல்ல, கண்காணிப்பு. பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரியோட முடிஞ்சதால, புதுத் தலைவர் வர்ற வரைக்கும் தனி அலுவலர்ட்டதான் பேசணும், ஆனா கிராம சபையில தீர்மானம் போட்டுக் குடுங்க, எந்தத் தெருவுல எத்தனை கேமரா, பதிவ யாரு பாக்கலாம்னு எல்லாம் அதுலயே எழுதிருங்க. வயசுப் பிள்ளைங்க போறது வர்றத எவனாச்சும் செல்லுல எடுத்துப் பரப்புனா அது வேற வினையாயிரும்.

மேலூர்_பங்காளி:

வாத்தியாரு சொன்னதுக்கு மேல கேமராவுல ஒரு விசயம். ஊருக்குள்ள வர்ற வழியில வேகத்தடை பக்கத்துல மாட்டுங்க, அங்கதான் வண்டி மெதுவாப் போகும், நம்பர் பிளேட் விழும். ஹெட்லைட்டுக்கு நேரா வச்சா ராத்திரி வெறும் வெள்ளையாத்தான் தெரியும், கொஞ்சம் சாய்வா, கார் போன பிறகு பின்பக்கம் விழுற மாதிரியும் ஒன்னு வைங்க. கரண்ட் போனா நிக்காம இருக்க யூ.பி.எஸ். வேணும். ஹார்டு டிஸ்க் நெறஞ்சா பழசு மேலயே பதிஞ்சிரும், களவு போன அன்னைக்கே காப்பி எடுத்துருங்க. லென்ஸ் மேல சிலந்தி வலை கட்டிரும், தொடைக்க ஒரு ஆள் பேரச் சொல்லி ஒப்படைங்க, எல்லாரும் பாத்துக்குவாங்கன்னு விட்டா யாரும் பாக்க மாட்டாங்க.

கரிசக்காட்டான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிண்ணே, அக்கா, வாத்தியாரய்யா. இத அப்படியே பசங்க குரூப்ல போட்டேன், கம்பு வேணாம், விசிலும் டார்ச்சும் போதும்னு ஒத்துக்கிட்டாய்ங்க, ரெண்டு பேரு மட்டும் இன்னும் முறைச்சுக்கிட்டு இருக்காய்ங்க, பேசிப் பாக்குறேன். செல்வி அக்கா, கமிட்டியில பொம்பளைங்க யாரும் இல்லாமதான் இருந்துச்சு, இப்ப டீக்கடை அம்மாவையும் மகளிர் குழுவுல ஒருத்தரையும் கூப்பிட்டிருக்கோம். ஏட்டையா, பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மனு அவங்கதான் குடுக்கணுமா இல்ல நாங்க குடுக்கலாமா?

ரிட்டயர்டு_ஏட்டு:

யாரு வேணாலும் குடுக்கலாம் தம்பி. ஆனா பாட்டியையும் கூட்டிக்கிட்டுப் போங்க, அவங்க வாயால சொல்லட்டும், ஸ்டேஷன்ல எழுதி, படிச்சுக் காட்டித்தான் கைநாட்டு வாங்கணும், அதுதான் சட்டம். படிச்சுக் காட்டுறப்ப நீங்க பக்கத்துல இருந்து காது வெட்டு, விலை, கொட்டம் மூணும் வந்துருச்சான்னு கவனிங்க. அந்த அறுத்த கயிறு எங்க இருக்கு? தூக்கிப் போடாம ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க.