புதுப்பிப்பு: வாப்பாவின் பிவ்கா-2 ஏன் எகிறியது, காரணம் தெரிந்தது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. புதிதாக வருபவர்களுக்காக: கீழக்கரையில் இருக்கும் வாப்பாவுக்கு ஹெபடைடிஸ் சி (ஈரலைத் தாக்கும் வைரஸ்). சோஃபோஸ்புவிர்-வெல்பட்டாஸ்விர் மாத்திரை 12 வாரம் சாப்பிட்டு வைரஸ் போய்விட்டது, ஈரலில் சிரோசிஸ் (தழும்பேறி இறுகிப்போவது) மட்டும் மிச்சம். ஈரல் புற்றுநோய் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் குறியீடுகள் இரண்டு, ஏஎஃப்பியும் பிவ்கா-2-வும். ஏஎஃப்பி சரியாக இருந்தது. வழக்கமாக 40-க்குள் இருக்க வேண்டிய பிவ்கா-2 மட்டும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஏன் என்றுதான் இங்கே கேட்டிருந்தேன்.

"ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை எடுக்கிறாரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதுதான் விடை. வாப்பாவுக்குச் செயற்கை இதய வால்வு, தினமும் வார்ஃபரின். வைட்டமின் கே வேலை செய்யாதபோது ஈரல், ரத்தம் உறைய உதவும் புரோத்ராம்பின் என்ற புரதத்தை அரைகுறையாகச் செய்து ரத்தத்தில் விடும். பிவ்கா-2 அளப்பது அதைத்தான். வார்ஃபரினின் வேலையே அந்த வைட்டமினை முடக்குவது. கட்டி இல்லாமலே எண் ஏறிவிடும்.

டாக்டர் அதோடு விடவில்லை. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்த்துவிட்டு மதுரையில் மூன்று கட்ட சிடி ஸ்கேன் (சாயம் ஏற்றி மூன்று நேரங்களில் ஈரலைப் படமெடுப்பது) எடுக்கச் சொன்னார். கட்டி இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வார்ஃபரினை நிறுத்திவிட்டு மறுபடி சோதிக்கலாம் என்று இங்கே வந்த யோசனைக்கு டாக்டர் கோபப்பட்டே பதில் சொன்னார்: வால்வில் ரத்தம் கட்டிவிடும், தொடவே கூடாது.

நான் எதிர்பார்க்காதது, வாப்பாவுக்கு இனி பிவ்கா-2 வேண்டாம் என்று டாக்டர் சொன்னது. வார்ஃபரின் எடுப்பதால் அந்த எண்ணை நம்ப முடியாது. அதற்குப் பதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பியும், ஆயுள் முழுக்க. ஆரம்பக் கட்டிகள் பலவற்றில் ஏஎஃப்பி ஏறாது என்பதால் அல்ட்ராசவுண்டைத் தவறவிடக் கூடாதாம். அதை ராமநாதபுரத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.