டைடல் டிஸ்ரப்ஷன்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

க.:
வணக்கம். பதினோராம் வகுப்புக்கான கருந்துளைக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘டைடல் டிஸ்ரப்ஷன்’, அதாவது கருந்துளையை நெருங்கும் கோள் அதன் ஈர்ப்பால் உடைபடுவது, இதற்கான தமிழ்ச்சொல் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. வரைவில் ‘விழுங்கல்’ என்று இருப்பது பிழை. சூரியனைப்போல் 10 மடங்கு நிறையுள்ள கருந்துளைக்கு நிகழ்வெல்லை (உள்ளே போனால் ஒளியும் மீளாத எல்லை) ஆரம் சுமார் 30 கி.மீ.தான். புவி போன்ற கோள், ரோஷ் எல்லைக் கணக்கின்படி (எவ்வளவு நெருங்கினால் ஒரு கோள் ஈர்ப்பால் உடையும் என்ற கணக்கு), சுமார் 23 லட்சம் கி.மீ. தொலைவிலேயே உடையத் தொடங்கும். அண்மைப் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள ஈர்ப்பு வேறுபாடு, கோளைக் கட்டிவைத்திருக்கும் சொந்த ஈர்ப்பை மிஞ்சிவிடுகிறது. ‘டைட்’ என்பது கடல் ஓதம் என்பதால் ‘ஓதச்சிதைவு’ சரிவருமா?

ந.:
ஓதம் என்றால் மாணவருக்குச் சுவரில் ஏறும் ஈரம்தான். இலங்கையில் வற்றுப்பெருக்கு என்பார்கள், அதுவும் கடல்தான். ‘ஈர்ப்பு வேறுபாட்டு உடைவு’ என்று வையுங்கள். நீளம்தான், ஆனால் காரணம் சொல்லிலேயே இருக்கிறது. தொலைவு பாதியானால் ஈர்ப்பு 4 மடங்கு, இந்த வேறுபாடு 8 மடங்கு. இதைத்தான் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். தொலைவில் இருந்தால் விழுங்கலும் இல்லை: சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை இருந்தாலும் புவியின் சுற்றுப்பாதை மாறாது.

செ.:
தமிழ்நாட்டுப் புவியியல் பாடத்தில் உயர் ஓதம், தாழ் ஓதம் உண்டே அம்மா. ஆழ்வார் பாசுரங்களிலும் ஓதம் கடல்தான். ‘ஓது’ என்ற ஒலிவேரில் பிறந்தது என்பது என் துணிபு. ஓயாமல் ஒலிப்பதால் ஓதம். மகரம் கெட்டு வலிமிகும், புணர்ச்சியில் குறையில்லை. என்னைக் கேட்டால் ‘கருந்துளை’யே பிழை. துளை என்றால் மறுபுறம் திறந்திருக்க வேண்டும். கருங்குழி என்பதே முறை.

க.:
ஐயா, கருந்துளை ஊன்றிவிட்டது. இப்போது அதைத் தொட வேண்டாம். ஆனால் ‘சிதைவு’ என்று நான் சொன்னது இடிக்கிறது. கதிரியக்கச் சிதைவு பாடநூலில் இருக்கிறது. ‘பிளவு’ என்றால் அணுக்கருப் பிளவு. ஓதக்கிழிவு?

ந.:
‘விழுங்கல்’ முழுதும் பிழையில்லை. எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையத்தில் உள்ள கருந்துளை ஏறத்தாழ 650 கோடி சூரிய நிறை. நிகழ்வெல்லை ஆரம் சுமார் 1,900 கோடி கி.மீ.; புவி கிழியும் தொலைவு சுமார் 200 கோடிதான். அங்கே கோள் முழுதாக உள்ளே போய்விடும். கையேட்டில் இரண்டு சொல்லும் வேண்டும்.

செ.:
கிழிவதற்குக் கோள் என்ன துணியா? ஓதவுடைவு என்பதே செப்பம்.

க.:
வகர உடம்படுமெய்யோடு வாசிக்கவே தடுக்குகிறது ஐயா. குழுவில் மற்றவர்களில் இதுவரை மூவர் ஓதக்கிழிவுக்கு இசைந்திருக்கிறார்கள், அதையே அனுப்புகிறேன்.

ந.:
சரி. முதலில் வருமிடத்தில் ‘ஈர்ப்பு வேறுபாட்டால்’ என்று ஒரு வரி சேருங்கள். சொல்லடைவில் என் மறுப்பும் பதிவாகட்டும்.